தேயும் சாந்து, நிலைக்கும் சுவர்: சோழமண்டலக் கரையில் செங்கற்சுவர்ப் பராமரிப்பின் வரலாறு

சோழமண்டலக் கரையில் பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை நிற்கும் பழைய செங்கற்கட்டடங்களை வேறெதனினும் மிகுதியாகத் தேய்ப்பது, வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து சுவரின் மீது பக்கவாட்டில் அறையும் மழையாகும். சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்ட அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வங்கக் கடலில் புயல்கள் உருவாகி இக்கரையைத் தாக்குவதும் பெரும்பாலும் அம்மாதங்களை ஒட்டியே. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை நகரத்தின் எதிரிலேயே சிதறடித்த புயலும், 1761ஆம் ஆண்டின் தொடக்க நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படைக்குப் பேரிழப்பை உண்டாக்கிய புயலும் போர் வரலாற்றோடு பிணைந்திருந்த காரணத்தால் ஏடுகளில் ஏறின. கப்பல்கள் எவையும் மூழ்காத சாதாரணப் பருவமழைகள் அவ்வாறு எழுதப்படவில்லையென்றாலும், ஆண்டுதோறும் அவை செய்த வேலையைச் சுவர்களின் கிழக்கு முகத்திலும் வடக்கு முகத்திலும் இன்றும் காணலாம்.

செங்கற்சுவர் ஒன்றில் நீர் நுழைவதற்கு எளிய வழி, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே உள்ள சாந்துப் பட்டையாகும். வேலையாட்கள் பேச்சில் ஜாயிண்ட் என்று வழங்கும் இதனை இங்குச் சாந்துவரி எனக் குறிப்பிடலாம். ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் உள்ள செங்கல்லைப் பத்து மில்லிமீட்டர் சாந்து வைத்து அடுக்கினால், சுவர் முகத்தின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சாந்துவரியாகவே இருக்கும். அந்தச் சாந்து மழையில் கரைந்தும், உப்பில் பொடிந்தும், வெயிலில் வெடித்தும் உள்வாங்கிப் போகும்போது, செங்கற்களின் விளிம்புகள் துருத்தி நிற்கின்றன. துருத்திய ஒவ்வொரு மேல்விளிம்பிலும் மழைநீர் தங்கி, அங்கிருந்து சுவரின் வயிற்றுக்குள் இறங்குகிறது. தேய்ந்த சாந்தைக் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் புதுச் சாந்தை அழுத்தி நிரப்பி முகத்தைச் சீராக்கும் பணியே கொத்தனார்கள் பாயிண்டிங் என்று சொல்லும் வேலையாகும்.

பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்த வேலையைக் கட்டடக் கலையின் ஓரத்தில் வைப்பது வழக்கமாக இருந்தாலும், இக்கரையின் கட்டடங்கள் நூறு, இருநூறு ஆண்டுகள் நின்றதற்கான காரணம் பெருமளவில் இதனுள் அடங்கியிருக்கிறது. சுவரின் பகுதிகளுள் முதலில் தேய வேண்டியது சாந்தே என்ற கணக்கின் மீதுதான் பழைய கட்டுமானம் அமைந்தது. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தமையால் ஈரமும் உப்பும் அதன் வழியாகவே வெளியேறின, சேதம் அதனோடு நின்றது, சேதமான சாந்தைக் காலம் பார்த்து மாற்றுவது கட்டியவருக்கும் குடியிருந்தவருக்கும் தெரிந்த கடமையாக இருந்தது. ஒரு முறை பூசினால் பின்னர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைச் சுமந்துகொண்டு 20ஆம் நூற்றாண்டில் வந்த சிமெண்ட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அதன் விலையைச் செங்கல் கொடுத்தது.

இக்கரையில் செங்கற்கட்டுமானம் மிகத் தொன்மையானது. பூம்புகாருக்கு அருகில் கீழையூரில் 1960களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட படகுத்துறையும், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டின் கட்டடப் பகுதிகளும் செங்கல்லால் ஆனவை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலின் கீழ்நிலையில், பல்லவர்காலத்துக் கற்கட்டுமானத்துக்கு அடியில், சங்ககாலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிய செங்கற்களால் ஆன கோயிற்பகுதி கிடைத்தது. அது கடற்கொந்தளிப்பால் அழிந்திருக்க வேண்டும் எனத் தொல்லியலாளர்கள் கருதினர். கடலோரத்தில் செங்கல் வைத்துக் கட்டியவர்கள் கடலின் வலிமையை அறியாதிருந்திருக்க முடியாது என்பதற்கு இவ்விடம் ஒன்றே போதிய சான்றாகும்.

பழுதுபார்ப்பைக் காலமுறையோடு கட்டிவைத்த அமைப்பு கோயில்களில் தெளிவாகத் தெரிகிறது. விசயநகர, நாயக்கர் காலத்துப் பெருங்கோபுரங்களில் அடித்தளம் கருங்கல்லாகவும், அதற்கு மேலுள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுதைவேலையுமாகவும் அமைந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற வழக்கம், சமயச் சடங்கு என்ற அளவில் மட்டும் பார்க்கத்தக்கதன்று. சாரம் கட்டிக் கோபுரத்தின் உச்சி வரை ஆட்கள் ஏறுவதும், பறவைகளின் எச்சத்தில் வந்த ஆல், அரசு விதைகள் சாந்துவரிகளில் முளைத்து வேர்விட்டிருப்பதைக் களைவதும், உதிர்ந்த சாந்தை நிரப்புவதும், சுதையைப் புதுக்குவதும் இச்சடங்கின் பெயரால் நிகழ்ந்தன. ஒரு தலைமுறைக்குள் இருமுறையாவது இவ்வேலை நடந்ததனால், அதனைச் செய்யும் கைகளும் அறுபடாமல் தொடர்ந்தன.

சாந்தின் தன்மையை அறிய, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளத்துக் கழிமுகம் போன்ற இடங்களில் படிந்துகிடந்த கிளிஞ்சல்களே கரையோரச் சுண்ணாம்பின் மூலப்பொருள். கிளிஞ்சல் பெரும்பாலும் தூய கால்சியம் கார்பனேட் ஆகும். காளவாயில் கரியோடு அடுக்கி ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, நூறு கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, பொடிந்து நீறாகிறது. இச்செயல் நீற்றுதல் எனப்படும். நீறிய சுண்ணாம்பு மணலோடு சேர்ந்து சுவரில் ஏறிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, மாதக் கணக்கில், தடித்த சுவர்களில் ஆண்டுக் கணக்கில் நடக்கிறது.

கிளிஞ்சற்சுண்ணாம்பு தூய்மையானதாக இருப்பது பூச்சு வேலைக்குப் பெருநன்மையாகவும், மழை அறையும் சாந்துவரிக்குக் குறையாகவும் அமைந்தது. காற்றை மட்டுமே நம்பி இறுகும் இச்சுண்ணாம்பு, இறுகுவதற்குள் மழை வந்துவிட்டால் கரைந்து வழிந்துவிடும். அதற்கு மாற்றாக, உள்நாட்டில் கிடைக்கும் சுக்காங்கல்லைச் சுட்டுக் கலந்தனர். களிமண் கலப்புள்ள இக்கல்லின் சுண்ணாம்பு, நீரோடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் தன்மை கொண்டது. சுக்காங்கல் எளிதில் கிடைக்காத இடங்களில், செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கி என்னும் பொடியைக் கிளிஞ்சற்சுண்ணாம்போடு சேர்த்தனர். குறைந்த வெப்பத்தில் வெந்த களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத சேர்மங்களை உண்டாக்குகின்றன என்ற விளக்கம் பின்னால் வந்தது. அதன் பயன் அதற்கு நெடுங்காலம் முன்பே கைகளுக்குத் தெரிந்திருந்தது.

கலவையை வட்டமான கல்தொட்டியில் இட்டு, மாடு சுற்றி இழுக்கும் கல்லுருளையால் அரைத்தனர். சுண்ணாம்புச் செக்கு எனப்பட்ட இந்த அரைவையில் மணலின் ஒவ்வொரு துகளையும் சுண்ணாம்பு சூழ்ந்துகொள்ளும் வரை நீரைக் குறைவாகவே விட்டு நெடுநேரம் அரைப்பது முறை. அதில் விடப்பட்ட நீர் பல வேளைகளில் வெறும் நீராக இருந்ததில்லை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்துச் சில நாட்கள் புளிக்கவிட்ட நீரும், வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்த நீரும் கலந்து ஊற்றப்பட்டன. சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டிச் சாந்தைக் குழைவாக்குவதோடு இறுகும் வேகத்தையும் தணிக்கிறது; கடுக்காயின் துவர்ப்புப்பொருள் சாந்தின் கட்டுமானத்தைச் செறிவாக்குகிறது. இவற்றை மந்திரப் பொருட்களாகப் போற்றும் இன்றைய எழுத்துகளும், மூடப்பழக்கமாக ஒதுக்கும் பொறியாளர் சிலரின் கருத்தும் ஒரே அளவில் பிழையானவை. வெயிலும் கடற்காற்றும் சாந்தின் ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடும் ஊரில், கரண்டிக்கு இணங்கியும் மெல்ல இறுகியும் வருகிற சாந்து தேவைப்பட்டது என்பதே இவற்றின் அடிப்படைக் காரணமாகும்.

ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் வந்தபோது இக்கரையின் சுண்ணாம்பையும் கொத்தர்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டன. 1620இல் டேனியர் தரங்கம்பாடியில் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையும், 1680இல் அருட்பொழிவு செய்யப்பட்ட சென்னைக் கோட்டையின் புனித மரியாள் தேவாலயமும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை; தேவாலயத்தின் சுவர்கள் நான்கடி தடிமன் கொண்டவை, கூரையும் செங்கல் வளைவாகவே அமைந்தது. இந்தக் காலத்துக் கட்டடங்களில் சாந்துவரி வெளியில் தெரியாது. மெல்லிய மணலோடு அரைத்த கிளிஞ்சற்சுண்ணாம்பைப் பல படலங்களாகப் பூசி, இறுதிப் படலத்தை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் மின்னச் செய்யும் பூச்சு, சென்னையின் பெயரோடு சேர்த்தே ஐரோப்பியர்களிடம் புகழ்பெற்றது. புயல்மழை முதலில் தொட்டது அந்தப் பூச்சையே. சாந்துவரி அதன் பின்னால் பாதுகாப்பாக இருந்தது.

பூச்சைக் காத்தது ஆண்டுக்கொரு முறை நடக்கும் வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு முன்பு வீட்டுக்குச் சுண்ணாம்படிக்கும் வழக்கத்தில், கட்டடப் பராமரிப்பின் நோக்கில் பார்த்தால் வியக்கத்தக்க பொருத்தம் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை மார்கழிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. மழையில் உண்டான கீறல்களும் உதிர்ந்த இடங்களும் அப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. வெயில் கடுமையாக இல்லை, காலையில் பனி இறங்குகிறது, காற்றில் ஈரம் மிதமாக நிற்கிறது. சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று இறுகுவதற்கு இத்தகைய மிதமான ஈரம் வேண்டும். முழுதும் உலர்ந்த காற்றிலும் அது இறுகாது, நீரில் ஊறிக் கிடந்தாலும் இறுகாது. சித்திரை, வைகாசி வெயிலில் இதே வேலையைச் செய்தால், சாந்து இறுகாமலே காய்ந்து பொடியாகிவிடும். நீர்த்த சுண்ணாம்பு மயிரிழைக் கீறல்களுக்குள் இறங்கி அவற்றை அடைத்துவிடுவதால், வெள்ளையடிப்பது அழகுபடுத்தும் வேலையாக இருந்தபோதே சுவரின் பழுதுபார்ப்பாகவும் இருந்தது.

இந்த நாட்டுமுறை அறிவு 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட அறிவியலோடு சந்தித்தது. எந்தச் சுண்ணாம்பு காற்றில் மட்டும் இறுகும், எது நீரிலும் இறுகும் என்பதைச் சோதனைகளால் பிரித்துக் காட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்காவின் நூலை, சென்னை இராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த ஜே. டி. ஸ்மித் ஆங்கிலத்தில் பெயர்த்து, புதிய சோதனைகள் பற்றிய குறிப்புரைகளையும் சேர்த்து 1837இல் லண்டனில் வெளியிட்டார். உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும், 1844இல் ஒளியேற்றப்பட்ட கருங்கல் தூணாகிய பழைய கலங்கரை விளக்கத்தின் வடிவமைப்பும் இவருடையதே. சாந்து பற்றிய ஐரோப்பிய ஆய்வை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சென்னையில் பணியாற்றிய ஒருவராக அமைந்தது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. ஈரமும் உப்பும் நாள்தோறும் கட்டடங்களைச் சோதிக்கும் ஊரில், இக்கேள்வி ஏட்டளவில் நின்றிருக்க இயலாது.

சென்னைக் கட்டடங்களின் தோற்றம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மாறியது. 1860களில் சென்னைக்கு வந்து அரசின் கட்டடக் கலைஞராக உயர்ந்த ராபர்ட் சிஸம், அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஹென்றி இர்வின் ஆகியோரின் காலத்தில், வெண்பூச்சு விலகிச் செங்கல்லே முகமாக நின்றது. சிஸம் வடிவமைத்த விக்டோரியா பொது மண்டபம், கட்டடக் கலைஞர் பிராசிங்டன் தொடங்கி இர்வின் முடித்து 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம், அதனை அடுத்த சட்டக் கல்லூரி, 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையம் ஆகியன இந்த மாற்றத்தின் நினைவுச் சின்னங்கள். இவற்றுள் முதல் மூன்றையும் கட்டி முடித்தவர், சேத்துப்பட்டின் வரலாற்றோடு இணைந்த ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் ஆவார்.

கட்டட வரலாற்று நூல்கள் இம்மாற்றத்தை இந்தோ சாரசனிக் பாணியின் எழுச்சி என்ற அளவில், கவிமாடங்களையும் வளைவுகளையும் முன்னிறுத்தியே பேசுகின்றன. சுவரின் பக்கம் நின்று பார்த்தால், அதனினும் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது தெரியும். பூச்சுக்குப் பின்னால் மறைந்திருந்த சாந்துவரி, முதன்முறையாகப் பருவமழையின் முன்னால் நேரடியாக நிறுத்தப்பட்டது. பூச்சில்லாத சுவருக்குப் பொங்கல் வெள்ளையடிப்பும் கிடையாது. ஆண்டுக்கொரு முறை கீறல்களை அடைத்துவந்த அந்தக் கைப்பழக்கம் இக்கட்டடங்களைத் தொடவே இல்லை. அதற்கு ஈடாக வர வேண்டிய சாந்துவரிப் பராமரிப்பு, வீட்டு வழக்கமாகவோ கோயில் திருப்பணியாகவோ வேரூன்றாமல், துறை ஒதுக்கும் பணத்தையும் பொறியாளரின் அக்கறையையும் நம்பி நிற்கும்படி ஆயிற்று.

வெளித்தெரியும் சாந்துவரிக்கு வடிவம் முக்கியம். செங்கல்லின் முகத்தோடு சமமாகத் தேய்த்து விடுவது ஒரு முறை. மேல்விளிம்பில் சற்று உள்ளழுத்தி, கீழ்விளிம்பை நோக்கிச் சரிவாக வெளியே கொண்டுவந்து, விழும் நீர் தங்காமல் வழியச் செய்வது இன்னொரு முறை. கம்பியால் இழுத்துக் குழிவாக அமைப்பது மற்றொன்று. சாய்மழை மிகுந்த ஊர்களுக்குச் சரிவுவரியும் குழிவுவரியும் ஏற்றவை, ஏனெனில் கருவியால் அழுத்தி இழுக்கும்போது சாந்தின் முகம் இறுகிச் செங்கல்லின் விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. சாந்தைச் செங்கல்லின் முகத்துக்கு மேல் பட்டையாகத் தடித்து எழுப்பி, கோடு கிழித்தாற்போல் நேராக வெட்டிவிடும் முறை, தொலைவிலிருந்து பார்க்க ஒழுங்காக இருந்தாலும், ஒவ்வொரு பட்டையின் மேலும் நீரைத் தேக்கி வைக்கும் விளிம்பு ஒன்றை உண்டாக்குகிறது. பிற்காலத்துப் பழுதுபார்ப்புகளில் இந்த முறையே மிகுதியாகக் கையாளப்பட்டது வருந்தத்தக்கது.

சிமெண்ட் உற்பத்தி முயற்சி இந்தியாவில் சென்னையோடு தொடங்கியது. 1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டை, இந்நாட்டில் முதன்முதலாக உண்டாக்க முயன்ற ஆலை 1904இல் சென்னையில், கடற்கிளிஞ்சலையே மூலப்பொருளாகக் கொண்டு அமைந்தது. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி காலூன்றிய பின், தமிழ்நாட்டில் 1934இல் மதுக்கரையிலும், பின்னர் டால்மியாபுரத்திலும், 1949இல் தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. நீற்றவும் ஊறவைக்கவும் அரைக்கவும் நாட்கணக்கில் காத்திருந்த வேலையிடத்தில், மூட்டையைப் பிரித்து மணலோடு கலந்து அன்றே பூசி மறுநாளே கெட்டியாகும் பொருள் கிடைத்தபோது, செக்குகள் நின்றதும் காளவாய்கள் அணைந்ததும் வியப்பிற்குரியன அல்ல. புதுக்கட்டடங்களுக்குச் சிமெண்ட் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர்களின் தேய்ந்த வரிகளில் அதனைத் திணித்ததே பெருங்கேடாக முடிந்தது.

அக்கேடு நிகழும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டுச் சூளைச் செங்கல் பலவற்றின் நசுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனை ஒட்டியது. ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்து, இறுகிய பின் அதைப்போல் இருமடங்கு வலிமையை எளிதில் எட்டுகிறது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவரில், மென்மையான சுண்ணாம்புச் சாந்து அந்த அசைவைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, நுண்கீறல் விட்டாலும், கரைந்த சுண்ணாம்பு மறுபடி படிவதால் ஓரளவு தானே அடைபடும். சிமெண்ட் வரியோ விட்டுக்கொடுக்காமல் செங்கல்லின் விளிம்பை நெருக்குகிறது. அதே வேளையில், தான் இறுகும்போது சுருங்கியதால் செங்கல்லுக்கும் தனக்கும் இடையே மயிரிழை இடைவெளியையும் விட்டுவைக்கிறது. புயல்காற்றின் அழுத்தம் மழைநீரை அந்த இடைவெளிக்குள் செலுத்துகிறது. உள்ளே போன நீர் சாந்துவரி வழியாக ஆவியாக முடியாமல், செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கிறது.

அந்த நீரோடு உப்பும் வருகிறது. கடற்காற்று கொண்டுவந்து படிவிக்கும் சோற்றுப்பு, தரையிலிருந்து ஏறும் உப்புகள், சிமெண்டிலேயே உள்ள கரையக்கூடிய காரங்கள் ஆகிய அனைத்தும் செங்கல்லின் துளைகளில் சேர்கின்றன. சோற்றுப்புக்கு ஒரு பண்பு உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். சென்னையில் அதிகாலை ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேயும், பல நாட்களின் பிற்பகல் ஈரப்பதம் அதற்குக் கீழேயும் இருப்பதனால், மழையே பெய்யாத நாளிலும் சுவருக்குள் உப்பு கரைவதும் படிவதும் நாளுக்கொரு முறை நடக்கக்கூடும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் துளையின் சுவரை அது நெருக்குகிறது. சுண்ணாம்பு வரியாக இருந்திருந்தால் அந்த நெருக்கத்தில் பொடிந்து உதிர்வது சாந்தாக இருந்திருக்கும். சிமெண்ட் வரியிட்ட சுவரில், சூளையில் நன்கு வெந்த செங்கல்லின் மேல்தோல் முதலில் பெயர்கிறது. அதன் பின், வேகாத உட்பகுதி மாவாக உதிர்கிறது. கெட்டியான சிமெண்ட் சட்டங்கள் மட்டும் வலைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவற்றினிடையே செங்கற்கள் அங்குலக் கணக்கில் குழிந்துபோன சுவர்களைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நாகையிலும் காணலாம். உப்புப் பூத்த சுவரை மறைக்க அதன் மேல் சிவப்பு எண்ணெய்வண்ணத்தைப் பூசிவிட்டால், ஈரம் வெளியேறும் கடைசி வழியும் அடைபட்டு அழிவு விரைவாகிறது.

பராமரிப்பு அறுந்த கட்டடங்கள் மழையில் என்ன ஆகும் என்பதை 2014 நவம்பர் 29 அன்று புதுச்சேரி கண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கரையில் எழுந்த நகரமன்றக் கட்டடமான மேரி, பல ஆண்டுகள் சிதிலமடைந்து கிடந்த பின், தொடர்மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் பழைய தோற்றத்தோடு கட்டப்பட்ட புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பியது உண்மையே. அக்காலத்துச் செங்கல்லும் சாந்தும் அவற்றை வைத்த கைகளின் சுவடும் திரும்பவில்லை. 2011இன் இறுதியில் வந்த தானே, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயல்கள் இக்கரையில் இனியும் வரும் என்ற நிலையில், எஞ்சியிருக்கும் சுவர்களின் சாந்துவரிகளைக் கவனிப்பது நாளைக்குத் தள்ளிவைக்கத்தக்க வேலையாக இல்லை.

சென்னையில் ஒரு திருப்பம் தீ விபத்தினால் வந்தது. சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபு 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனையின் பகுதியான கலசமகால் 2012 ஜனவரியில் எரிந்துபோனபோது, அதனை இடித்துவிடாமல் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்திலேயே சீரமைத்தது. அடுத்திருந்த உமாயூன் மகாலுக்கும் அவ்வாறே வேலை நடந்தது. பழமைச் சின்னங்களைப் பேணுவதற்கெனத் துறைக்குள் தனிப் பிரிவும் உருவாயிற்று. நெடுங்காலமாகக் கைவிடப்பட்டிருந்த நீற்றுக்குழியும் அரைவையும் கடுக்காய் நீரும் அரசு வேலையிடத்துக்குத் திரும்பின.

சுண்ணாம்பு வரியைப் புதுக்கும் வேலை அவசரத்துக்கு இணங்காதது. முதலில் பழைய சாந்தின் ஒரு துண்டை எடுத்து, அதில் சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் இருந்தன, மணல் பருமனானதா நுண்ணியதா, என்ன நிறம், சுர்க்கி சேர்ந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்பு கரைந்து மணல் எஞ்சும் என்றாலும், மணலில் கிளிஞ்சல் துணுக்குகள் இருந்தால் அவையும் கரைந்து கணக்கைத் தவறாக்கும். பிறகு, வரியின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழத்துக்கு, அதாவது பத்து மில்லிமீட்டர் வரிக்கு இருபது முதல் இருபத்தைந்து மில்லிமீட்டர் வரை, வரியைவிட ஒடுங்கிய தட்டை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு பழைய சாந்தை எடுக்க வேண்டும். சுழலும் அறுவை இயந்திரத்தை வைத்து எடுத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் கை சற்றுப் பிறழ்ந்தாலும் அறுபடுவது செங்கல்லின் விளிம்பு, அதனைத் திரும்ப வைக்க வழியில்லை. பள்ளத்தின் உட்புறம் வளைவாக இல்லாமல் சதுரமாக இருக்க வேண்டும், இல்லையேல் புதுச் சாந்துக்குப் பிடிமானம் இராது.

அடுத்து, மேலிருந்து கீழாகத் துடைத்துத் தூசியை நீக்கி, முதல் நாளிலிருந்தே சுவரை நனைக்கின்றனர். சாந்து வைக்கும் வேளையில் செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், அதன் முகத்தில் நீர் மினுங்கக் கூடாது. உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை நொடியில் குடித்துவிடும். நீர் வழியும் செங்கல்லில் சாந்து ஒட்டாது. வரியின் அகலத்துக்கு ஏற்ற ஒடுங்கிய கரண்டியால், ஒரே முறையில் நிரப்பாமல், அரை விரற்கடைப் படலங்களாக அழுத்தி நிரப்புவதும், ஒரு படலம் கட்டைவிரலை அழுத்தினால் தடம் மட்டும் பதியும் அளவுக்கு இறுகிய பின் அடுத்ததை வைப்பதும் முறையாகும். கடைசிப் படலம் செங்கல்லின் முகத்துக்கு மயிரிழை உள்ளே நிற்க வேண்டும், ஏனெனில் தேய்ந்த செங்கல்லின் உருண்ட விளிம்பில் ஏறிய சாந்து மெல்லிய ஓரமாகி முதல் மழையிலேயே உதிரும். அரைகுறையாக இறுகிய நிலையில் விறைப்பான தூரிகையால் மெல்லக் குத்திவிட்டால், மேலே படிந்த சுண்ணாம்புத் தோல் விலகி, காற்று உள்ளே போக வழி பிறக்கும். அதன் பின் நனைத்த சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, ஒரு வாரமேனும் வெயிலும் கடற்காற்றும் மழைச்சாரலும் படாமல் காக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் பொறுமையாகச் செய்தால் நாளொன்றுக்கு முடியும் பரப்பு சிறியது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஒப்பந்த முறை இந்த வேலைக்கு ஒருபோதும் பொருந்தாது.

1877இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் முதலானோர் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் முதல், இன்று பல நாடுகளின் அரசுத் துறைகள் வரை ஏற்றுக்கொண்டுள்ள விதி, புதுச் சாந்து பழஞ்செங்கல்லைவிட மென்மையாகவும் அதனினும் மிகுதியாக ஈரம் கடத்துவதாகவும் இருக்க வேண்டும் என்பதாகும். இவ்விதியை ஏற்கும்போது, ஏற்கெனவே சிமெண்ட் ஏறிவிட்ட சுவர்களை என்ன செய்வது என்ற கடினமான கேள்வி எஞ்சுகிறது. இறுகப் பற்றியிருக்கும் சிமெண்டை உடைத்தெடுக்க முயன்றால், அதனோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்துவிடும் என்பதால், அத்தகைய வரிகளை இப்போதைக்கு அப்படியே விட்டுவைப்பதே நல்லது. தட்டினால் வெற்றொலி கேட்கும் வரிகளும், ஓரத்தில் கீறல் விட்டு நீர் புகும் வரிகளும், ஒவ்வொரு மார்கழியிலும் அடையாளமிடப்பட்டு, உளிக்கு எளிதாக வருகின்றவை மட்டும் நீக்கப்பட்டு, சுர்க்கி சேர்ந்த சுண்ணாம்பால் நிரப்பப்பட வேண்டும். மழையின் வேகம் முழுமையாக விழும் கிழக்கு, வடக்கு முகங்களிலும், கைப்பிடிச் சுவர்களிலும், நீர்த்தூம்புகளின் அடியிலும் இவ்வேலை முதலில் தொடங்கப்படுவது பொருத்தம். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு இக்கரையின் பழஞ்சுவர்கள் பலவற்றில் சிமெண்டும் சுண்ணாம்பும் அருகருகே நிற்கும். எந்த வரி எந்த ஆண்டில், எந்தக் கலவையால் புதுக்கப்பட்டது என்பதைச் சுவர்வாரியாகப் படம் வரைந்து பதிவுசெய்து வைத்தால், அடுத்து உளியை எடுப்பவர் எங்கே தொடுவது, எங்கே தொடாமல் விடுவது என்பதை அறிந்து செயற்பட முடியும்.